குதிக்கிறதுக்குச் சம்பளம் இல்லை

"இதெல்லாம் ஒரு கலையே?"

இந்தக் கேள்வியை நான் கலைக்கூடங்களில் கேட்டதைவிட ரெஸ்ரோரண்ட் குசினிகளில் கேட்டதுதான் அதிகம். வேலை ஓய்ந்த நேரத்தில் யாராவது ஒருவர் போனை நீட்டுவார். வீடியோவில் ஒரு பெண் நீளச் சட்டையோடு கதிரையில் அசையாமல் இருப்பார். எதிரே இன்னொரு கதிரை. சனம் வரிசையில் காத்து நின்று, ஒவ்வொருவராக வந்து அந்தக் கதிரையில் இருந்து அவரின் கண்களைப் பார்ப்பார்கள். சிலர் அழுவார்கள். "சும்மா இருக்கிறதுக்கு இவவுக்குப் பேரும் காசும். பத்து மணித்தியாலம் நாரி முறிய நிக்கிற எனக்கு என்ன?" என்று போனை நீட்டினவர் கேட்பார். குசினியே சிரிக்கும்.

அந்தப் பெண் மரீனா அப்ரமோவிச். பெல்கிரேட்டில் பிறந்தவர். 2010இல் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் ஏறக்குறைய மூன்று மாதங்கள், மொத்தம் 700 மணித்தியாலங்களுக்கு மேல் அப்படி இருந்தார்.

நண்பர் பகிடிக்குக் கேட்டாலும் கேள்வி பகிடியில்லை. உடம்பை விற்றுச் சாப்பிடுகிறவன், உடம்பை வைத்துக் கலை செய்கிறவரைப் பார்த்துக் கேட்கவேண்டிய கேள்விதான் அது. அதற்குப் பதில் தேடி நியூயோர்க்குக்குப் போகத் தேவையில்லை. எங்கட ஆக்கள் இத்தனை வருசமாய்ப் போய் உழைத்த வளைகுடாவிலேயே இப்படியொரு மனுசன் இருந்தார். பெயர் ஹசன் ஷரீஃப். டுபாய்க்காரர். 1951இல் பிறந்தவர், 2016 செப்டெம்பரில் இறந்துபோனார்.

டுபாய் என்றால் எங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? தங்கம். ஊருக்கு வருகிற பெட்டிக்குள் நிடோ பால்மா, டாங், கம்பளிப் போர்வை. இப்போது புர்ஜ் கலீஃபாவுக்கு முன்னால் நின்று எடுத்த படம். அந்த ஊரில் கலை என்று ஒன்று இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. நானும் சார்ஜாவில் ஒன்பது வருசம் இருந்தவன்தான். 2006இல் ஏ9 பாதை பூட்டுப்பட்டதோடு யாழ்ப்பாணக் கம்பஸ் படிப்பு இரண்டாம் வருசத்தில் நின்றுபோக, கொழும்பில் கொஞ்சக்காலம் அலைந்து, 2009இல் சார்ஜாவுக்குப் போய்ச் சேர்ந்தேன். ரோலாப் பக்கம் ஒரு ரெஸ்ரோரண்டில் வேலை. அங்கேயிருந்துதான் 2018இல் பிரான்சுக்கு வந்து அகதியாய்ப் பதிந்தேன். ஆகவே இதை நான் புத்தகம் படித்த ஆளாக எழுதவில்லை. ஒரு குசினிக்காரனாக எழுதுகிறேன்.

*

டுபாய் நகரத்திலிருந்து நூறு கிலோமீற்றருக்கும் மேலே போனால் ஹத்தா வரும். டுபாய் அமீரகத்துக்குச் சொந்தம்தான், ஆனால் நகரத்தோடு ஒட்டாமல் ஓமான் எல்லையோடு தனித்துக் கிடக்கிற, மலையும் கல்லுமான இடம். 1980களின் தொடக்கத்தில் ஹசன் ஷரீஃப் இங்கிலாந்தில் கலை படித்துக்கொண்டிருந்தார். 1983இல் ஒன்றிரண்டு நண்பர்களோடு இந்த ஹத்தாவுக்குப் போனார்.

போய் என்ன செய்தார்?

குதித்தார். வெறும் நிலத்தில் நின்று மேலே குதித்தார், கீழே வந்தார், திரும்பக் குதித்தார். நடந்தார். கல்லெறிந்தார். கிடங்கு கிண்டி அதற்குள் நின்றார். இவற்றைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்து, மட்டையில் ஒட்டி, இன்னது செய்தேன் என்று அலுவலகக் குறிப்புமாதிரி எழுதி வைத்தார். அவ்வளவுதான். மேடை இல்லை, இசை இல்லை, ரிக்கற் இல்லை. பார்க்கச் சனமும் இல்லை.

அந்தக் காலத்தை யோசித்துப் பாருங்கள். டுபாயில் எண்ணெய் கண்டுபிடித்தது 1966இல். ஐக்கிய அரபு அமீரகம் என்ற நாடு உருவானது 1971 டிசெம்பரில். 1979இல் 39 மாடியில் உலக வர்த்தக மையக் கோபுரம் எழும்பிவிட்டது, அதே வருசம் ஜெபல் அலித் துறைமுகமும் திறந்தாயிற்று. ஒரு தலைமுறைக்குள் மீன்பிடித்துறை ஒன்று நகரமாய் மாறுகிறது. எல்லோரும் எதையாவது கட்டுகிறார்கள், விற்கிறார்கள், இறக்குகிறார்கள். அந்த நேரத்தில் ஒருவன் மலையடிவாரத்தில் போய் நின்று ஒன்றுக்கும் உதவாத ஒரு காரியத்தை மிகவும் கவனமாகச் செய்துகொண்டிருக்கிறான்.

அவர் தொடங்கினது கேலிச்சித்திரத்தில். 1970களில் டுபாய்ச் சஞ்சிகையில் கார்ட்டூன் போட்டவர். அவசர அவசரமாய் மாறுகிற ஊரையும் அரசியலையும் அதில் நக்கலடித்தார். பிறகு இங்கிலாந்து போய் லண்டன் பயாம் ஷா கலைப்பள்ளியில் 1984இல் படிப்பை முடித்தார். அங்கே அவரைப் பிடித்துக்கொண்டது தற்செயலும் ஒழுங்கும் சேர்ந்து வேலை செய்கிற ஒரு முறை. முதலில் ஒரு விதியைப் போடுவது, பிறகு கிளாக்கர் கணக்கு எழுதுகிறமாதிரி அந்த விதியைக் கடைசிவரை பின்பற்றுவது. கோடு கீறுவதென்றாலும் சரி, நடப்பதென்றாலும் சரி. வழியில் பிழை வந்தால் வரட்டும், அதுவும் கணக்கில் சேரும். தன்னுடைய இந்த வேலைகளை அவர் 'அரை ஒழுங்குகள்' என்ற பொருளில் அழைத்தார்.

சண்டித்தனமும் இல்லாமல் இல்லை. 1984இல் லண்டனில் செய்த ஒன்றின் பெயர் 'மயிரும் பால்போத்தலும்'. பெயரே போதும், விளக்கினால் வீட்டில் பிள்ளைகளோடு இருந்து வாசிக்கிறவர்கள் என்னைத் திட்டுவார்கள் :)

படிப்பு முடிந்து ஊர் திரும்பினவர் லண்டனிலேயே தங்கிப் பெயர் எடுத்திருக்கலாம். அவர் சார்ஜாவில் மரைஜாப் பகுதியில் ஒரு கலைப்பட்டறையைத் தொடங்கினார். இளம் பெடியங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். மேலைநாட்டுக் கலை பற்றின கட்டுரைகளை அரபியில் மொழிபெயர்த்தார், பத்திரிகையில் எழுதினார். ஊர்ச்சனத்துக்கு விளங்காது என்று ஒதுங்காமல், விளங்கவைக்கிறதும் தன்ர வேலை என்று நினைத்த ஆள். எனக்கு அவரில் பிடித்த முதல் விசயம் இதுதான்.

*

அதிர்ச்சி தருகிற கலை, சடங்குமாதிரியான கலை என்றால் உலகத்தில் பெரிய பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். அப்ரமோவிச்சே 1974இல் நேப்பிள்ஸ் நகரில் மேசையில் 72 பொருட்களை வைத்துவிட்டு, ஆறு மணித்தியாலம் என்னை என்னவும் செய்யுங்கள் என்று நின்றார். ரோசாப்பூவும் இருந்தது, கத்தரிக்கோலும் இருந்தது, துவக்கும் ஒரு குண்டும் இருந்தது. தொடக்கத்தில் வெட்கப்பட்டு நின்ற சனம் நேரம் போகப்போக உடுப்பை வெட்டியது, கடைசியில் ஒருவர் துவக்கையே எடுத்து நீட்டும் அளவுக்குப் போனது. ஒஸ்ரியாவின் ஹெர்மன் நிட்ஷ் அறுத்த மிருகங்களையும் வாளி வாளியாய் இரத்தத்தையும் வைத்து நாட்கணக்கில் பலிச்சடங்குகள் நடத்தினார். 2022இல் இறக்கும்வரை அவரைச் சுற்றிச் சர்ச்சைதான்.

இதைக் கேட்டு ஒரு ஐரோப்பியர் முகத்தைச் சுளிக்கலாம். எங்களுக்கு அது பொருந்தாது. வேள்விக்கு வரிசையாய்க் கிடாய் கட்டி நின்றதைப் பார்த்து வளர்ந்தவன் நிட்ஷின் இரத்தத்தைப் பார்த்து மயங்கி விழமாட்டான். முதுகில் செடில் குத்தித் தூக்குக்காவடியில் தொங்கிப் போகிற பெடியனுக்குப் பக்கத்தில் நின்று தண்ணி கொடுத்த சனம் நாங்கள். சுடுமணலில் பிரதட்டை உருளுகிறோம். பெண்கள் வெயிலில் அடி அழிக்கிறார்கள். இங்கே பாரிஸ் லா சப்பலில் ஓகஸ்ட் கடைசியில் தேர் வரும்போது, பிரெஞ்சுக்காரர் வாய்பிளந்து பார்க்க, நடுறோட்டில் தேங்காயை மலைபோலக் குவித்து உடைக்கிறோம். யாராவது வந்து "இதெல்லாம் ஏன்?" என்று கேட்டால் கோபம் வரும். உடம்பால் திரும்பத் திரும்ப ஒன்றைச் செய்தால் அதற்கு ஒரு கனம் வந்துவிடும் என்று எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. காவடிக்குப் பின்னால் நேர்த்தி இருக்கிறது. பிள்ளைக்குச் சுகம் வரவேணும், விசா கிடைக்கவேணும், காணாமல்போனவன் திரும்பவேணும். முருகனுக்கும் எனக்கும் ஒரு கொடுக்கல் வாங்கல். ஹசன் ஷரீஃப் ஹத்தாவில் குதித்தபோது மேலே ஒருவரும் கணக்கு எழுதவில்லை. வேண்டுதல் இல்லை, சம்பளம் இல்லை, கைதட்டும் இல்லை. சடங்கின் உடம்பு மட்டும் மிஞ்சி, அதற்குள்ளிருந்த பலன் எல்லாம் உருவப்பட்டுவிட்டது. எனக்கு இரத்தத்தைவிட இதுதான் பெரிய அதிர்ச்சியாகப் படுகிறது.

ஏன் என்று சொல்கிறேன்.

*

அமீரகத்தில் உங்கட விசாவிலேயே உங்கட தொழில் எழுதியிருக்கும். என்னுடையதில் குசினி உதவியாள். அதுதான் நான் அந்த நாட்டில் இருப்பதற்கான காரணம். அந்தக் காரணம் முடிகிற அன்று நானும் முடிந்தேன். கபீல் என்று சொல்கிற பொறுப்பாளி கையெழுத்துப் போட்டால்தான் வரலாம், இருக்கலாம், அந்தக் காலத்தில் வேலை மாறுவதற்கும் அவர் சம்மதிக்கவேணும். என் பாஸ்போர்ட் முதலாளியின் அலுமாரியில் இருந்தது. சட்டப்படி அது பிழை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருவரும் அதைப்பற்றிக் கதைத்ததில்லை.

அப்படியான நாட்டில் வெளியிலிருந்து வந்தவனின் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு உபயோகம் இருக்கவேணும். வெங்காயம் உரிக்கிற கை, குப்பூஸ் தூக்குகிற கை, கம்பி கட்டுகிற கை. கட்டடத் தொழிலாளிக்கு ஓய்வுகூட அரசாங்க அறிவித்தலோடுதான் வரும். ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை மத்தியானம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணிவரை வெயிலில் வேலை செய்யக்கூடாது என்பது அங்கே சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் பாலத்துக்குக் கீழே, லொறியின் நிழலில் மட்டையை விரித்து ஆயிரக்கணக்கான ஆட்கள் ஒரே நேரத்தில் படுத்திருப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த நிழலும் வேலையின் ஒரு பகுதிதான். மூன்று மணிக்கு எழும்புவதற்காகத்தான் படுத்திருக்கிறார்கள்.

அங்கே உபயோகமில்லாமல் ஒரு காரியத்தைச் செய்வது என்பது லேசான விசயமில்லை.

இப்ப குசினி நண்பரின் கேள்வி முழுப் பலத்தோடு வரும். "அவர் அந்த நாட்டுக் குடிமகன். மலையில போய்க் குதிக்கலாம், கல்லெறியலாம். நீ போய்க் குதிச்சுப் பார். பொலிஸ் வந்து பத்தாக்காவை எடு எண்டுவான்." உண்மை. மறுக்க ஏலாது. ஹத்தாவில் குதிக்கிற உரிமைக்குள் ஒரு குடியுரிமை இருக்கிறது. அவர் குதிக்கிற அதே நேரத்தில், அதே வெயிலில், எங்கட நாடுகளிலிருந்து போன ஆட்கள் கிடங்கு கிண்டிக்கொண்டுதான் நின்றார்கள். அவர்களை யாரும் படமெடுத்து மட்டையில் ஒட்டவில்லை.

ஆனால் இதிலிருந்து "வசதி உள்ளவனின் விளையாட்டு" என்று முடிவெடுத்துவிட்டுக் கோப்பை கழுவப் போகலாமா? போகலாம், தாய்வானிலிருந்து வந்த இன்னொரு கோப்பை கழுவினவரைப் பற்றித் தெரியாமல் இருந்தால்.

*

தேசிங் ஷே. தாய்வான்காரர். கப்பலில் வேலைக்கு ஏறி, 1974இல் அமெரிக்காவில் பிலடெல்பியாப் பக்கம் கரைக்கு வந்தபோது கப்பலை விட்டுப் பாய்ந்தவர். எங்கட பெடியங்கள் எத்தனைபேரின் கதை! நியூயோர்க்கில் பத்திரம் இல்லாமல், ரெஸ்ரோரண்டுகளில் கோப்பை கழுவியும் துப்புரவு வேலை செய்தும் வாழ்ந்தார். 1988இல் பொதுமன்னிப்பு வரும்வரை பதினான்கு வருசம் கள்ள ஆள்.

அந்தக் கள்ள வாழ்க்கைக்குள்தான் அவர் ஒவ்வொன்றும் ஒரு வருசம் நீளமான காரியங்களைச் செய்தார். 1978 செப்டெம்பரிலிருந்து ஒரு வருசம் தானே செய்த மரக்கூட்டுக்குள் இருந்தார். கதைக்கவில்லை, வாசிக்கவில்லை, எழுதவில்லை, ரேடியோ ரீவி இல்லை. 1980 - 81இல் ஒரு வருசம் முழுக்க, தொழிற்சாலைகளில் வைக்கிற நேரக்கணக்கு மெசினில் ஒவ்வொரு மணித்தியாலமும் அட்டை அடித்தார். பகலும் இரவும், ஒரு நாளைக்கு 24 தடவை. மொத்தம் 8760 தடவை அடிக்கவேண்டியதில் 133 மட்டும் தவறியது. அடுத்த வருசம், 1981 - 82இல், ஒரு கட்டடத்துக்குள்ளும் நுழையாமல் ஒரு வருசம் நியூயோர்க் தெருவிலேயே இருந்தார், பனியிலும். பொலிஸ் பிடித்து உள்ளே கொண்டுபோன சில மணித்தியாலங்கள்தான் அவர் கூரைக்குக் கீழே இருந்தது.

அட்டை அடிக்கிற வேலையைக் கொஞ்சம் யோசியுங்கள். வேலைக்கு வந்தேன், போனேன் என்று முதலாளிக்குக் காட்டுவதற்கான மெசின் அது. அதில் இவர் அடிக்கிறார், ஆனால் வேலை எதுவும் இல்லை. உற்பத்தி இல்லை, முதலாளி இல்லை, சம்பளமும் இல்லை. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ந்து நித்திரை கொள்ள முடியாமல், வாழ்க்கை முழுவதும் அந்த அட்டையைச் சுற்றி ஓடுகிறது. எங்கட வாழ்க்கையிலிருந்து சம்பளத்தைக் கழித்தால் என்ன மிஞ்சும் என்று ஒரு மனுசன் தன்ர உடம்பிலேயே கணக்குப் பார்த்திருக்கிறான். படித்தவர்கள் இதற்குப் பெரிய பெரிய விளக்கம் எழுதியிருக்கிறார்கள். இரண்டு ஷிப்ற் செய்தவனுக்கு விளக்கம் தேவையில்லை.

ஆகவே இது வசதியுள்ளவனுக்கு மட்டும் சொந்தமான விளையாட்டில்லை. பத்திரம் இல்லாதவனும் செய்திருக்கிறான். ஹத்தாவில் குதித்த குடிமகனுக்கும் நியூயோர்க்கில் அட்டை அடித்த அகதியளவு ஆளுக்கும் பொதுவான ஒன்று: எல்லா நேரத்துக்கும் விலை ஒட்டியிருக்கிற இடத்தில் கொஞ்ச நேரத்தை விலையில்லாமல் ஆக்கினது. என்ர உடம்பு எனக்கும் சொந்தம் என்று வாயால் சொல்லாமல் உடம்பாலேயே சொன்னது.

இதை எழுதும்போது கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் இருக்கத் தொடங்கிய தாய்மார் நினைவுக்கு வராமல் இருக்கமாட்டார்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, எத்தனையாவது நாள் என்று பலகையில் எழுதிக்கொண்டு, நாள்தோறும். 2025இல் அது மூவாயிரம் நாட்களைக் கடந்தது. இருந்தபடியே பலர் இறந்தும்போனார்கள். அதைக் கலை என்று நான் சொன்னால் அந்தத் தாய்மார் அடிக்க வருவார்கள், வரத்தான் வேணும். ஆனால் "இதால என்ன பிரயோசனம்?" என்று அவர்களைப் பார்த்துக் கேட்கிற குரலும், குதிக்கிறவனைப் பார்த்துக் கேட்கிற குரலும் ஒரே தொண்டையிலிருந்து வருகிறது. பிரயோசனம் இல்லாத இடத்தில் உடம்பை வைத்திருக்கிறதே சில நேரம் ஒரு மனுசன் செய்யக்கூடிய கடைசிக் காரியம்.

*

நான் ஹசன் ஷரீஃபை உயிரோடு பார்க்கவில்லை. அவர் இறந்து ஒரு வருசத்துக்குப் பிறகு, 2017 நவம்பரிலிருந்து 2018 பெப்ரவரி வரை சார்ஜா ஆர்ட் ஃபவுண்டேசன் அவருடைய வாழ்நாள் வேலைகளைப் பெரிதாய்க் காட்சிக்கு வைத்தது. தலைப்பு 'நான் ஒரேயொரு படைப்பின் கலைஞன்' என்று பொருள்படும். மத்தியானச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் இடையில் எனக்கு மூன்று மணித்தியாலம் இருக்கும். சம்பளம் இல்லாத, ஆனால் தூரப் போகவும் ஏலாத நேரம். அங்கே உள்ளே போகக் காசு இல்லை, குளிரூட்டியும் உண்டு. நடந்து போய்விடுவேன். அந்தக் குளிர்காலத்தில் ஐந்தாறு தடவை போயிருப்பேன்.

ஹத்தாப் படங்கள் சின்னது, சுவரில் அமைதியாய் இருக்கும். பெரிதாய்க் குவிந்து கிடந்தது அவருடைய பொருட்கள். 1980களின் நடுப்பகுதியிலிருந்து அவர் டுபாய்க் கடைத்தெருக்களில் மலிந்து கிடக்கிற சாமான்களை வாங்கிக்கொண்டு வந்து கட்டத் தொடங்கினார். ரப்பர்ச் செருப்பு, கரண்டி, கயிறு, துணி, மட்டைப்பெட்டி. வெட்டுவது, முறுக்குவது, கம்பியால் கட்டுவது. பிறகு இன்னொன்றை வெட்டுவது, முறுக்குவது, கட்டுவது. நூற்றுக்கணக்கில். அதை அவர் நெசவுமாதிரிப் பார்த்தார். மட்டையும் தென்னங்கயிறும் சேர்த்துக் கட்டின குவியல் ஒன்றுக்கு முன்னால் கனநேரம் நின்றேன். கயிறு திரிக்கிற பெண்களையும், பனையோலையில் பெட்டி இழைக்கிற ஆச்சிமாரையும் கண்டவனுக்கு அந்தக் கையின் ஓட்டம் தெரியும். ஆச்சி இழைத்தால் பெட்டி வரும். இவர் கட்டினால் ஒன்றும் வராது, குவியல்தான் வரும். ஊருக்குள் இறங்கிக்கொண்டேயிருக்கிற சாமானை வாங்கி, கடைசியில் பாவிக்க ஏலாததாய் ஆக்கி வைத்துவிடுகிறார்.

செருப்புக் குவியலடியில் காவலுக்கு நின்றவர் ஒரு மலையாளி. நான் மூன்றாம் தரம் போனபோது பேச்சுக்கொடுத்தார். தெரிந்த மலையாளத்தில் நானும் கதைத்தேன். வருகிறவர்கள் எல்லாம் படம் எடுத்துவிட்டுப் போகிறார்கள், ஒருவரும் இதில் இடதுகால் எது வலதுகால் எது என்று பார்ப்பதில்லை என்றார். அவர் பார்த்து வைத்திருந்தார். இந்த நிறச் செருப்பு தான் முதன்முதல் வந்து இறங்கியபோது இத்தனை திர்ஹத்துக்கு வாங்கினது என்றும் காட்டினார். அந்தப் பெரிய மண்டபத்தில் அந்தக் குவியலை அவரைப்போல் வாசித்தவர் வேறு யாரும் இருந்திருக்கமாட்டார்கள் என்பது என் எண்ணம்.

ஒரு மட்டத்தில் அது எங்கட சாமான்தான். அந்தச் செருப்பைப் போட்டவர்கள் நாங்கள். அந்த மட்டைப்பெட்டியை இறக்கி ஏற்றினவர்கள் நாங்கள்.

*

புகழ்ந்துகொண்டே போனால் அது வேறுவிதமான பொய். ஆகவே மற்றப் பக்கத்தையும் சொல்கிறேன்.

ஷரீஃபின் மாணவர்களில் முக்கியமானவர் முகம்மது காசிம், 1969இல் பிறந்தவர். 1994இல் வீட்டுச் சாமான்களின் துவாரங்களில் தன்ர நாக்கை வைத்துப் படமெடுத்துத் தொடராகச் செய்தார். அதே காசிம் 2003 முதல் 2005 வரை தன் ஜன்னலுக்கு வெளியே ஒரு கட்டடம் எழும்புவதையும் அதில் வேலை செய்த ஆட்களையும் பதிவுசெய்தார். ஆசிரியர் சாமானைக் கட்டினார், மாணவர் அதைத் தூக்குகிற ஆளைப் பார்த்தார். அது நல்ல நகர்வு.

ஆனால் அந்த நாடுகளின் கலை நிறுவனங்கள் எதுவரை நகரும்? 2011இல் சார்ஜா பினாலே என்ற பெரிய கலைவிழாவில் அல்ஜீரிய எழுத்தாளர் முஸ்தபா பென்ஃபொடில் ஒரு பொதுமுற்றத்தில் உதைபந்தாட்டச் சட்டை போட்ட பொம்மைகளை நிறுத்தி அதில் எழுத்துகளைப் போட்டிருந்தார். ஆபாசம், மதநிந்தனை என்று முறைப்பாடு. படைப்பு அகற்றப்பட்டது, இயக்குநர் ஜாக் பெர்செக்கியன் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அதே 2011இல் நூற்றுக்கும் மேற்பட்ட கலைஞர்கள், அபுதாபி சாதியாத் தீவில் குகன்ஹைம் அருங்காட்சியகம் கட்டுகிற தொழிலாளரின் நிலைமை சரியாகும்வரை அதைப் பகிஷ்கரிப்போம் என்று 'கல்ஃப் லேபர்' என்ற பெயரில் ஒன்றுசேர்ந்தார்கள். ஆட்சேர்ப்புக் கட்டணக் கடன், லேபர் காம்ப், சம்பளம் எல்லாம் அவர்கள் எழுதினார்கள். 2015இல் அந்தக் குழுவோடு சேர்ந்த பேராசிரியர் அன்ட்ரூ ரோஸ், லெபனான் கலைஞர் வாலித் ராத், மும்பைக் கலைஞர் அசோக் சுகுமாரன் மூவருக்கும் அமீரகத்துக்குள் வரவே அனுமதி இல்லை.

ஹசன் ஷரீஃபின் படைப்புகள் குகன்ஹைம் அபுதாபியின் சேகரிப்பில் இருக்கின்றன. இதற்கு இறந்த மனுசனைக் குற்றம்சொல்ல ஏலாது. ஆனால் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 1983இல் ஒருவரும் பார்க்காத இடத்தில் குதித்ததை இன்று கண்ணாடிக்குள் வைத்து மரியாதை செய்யலாம், அது யாருக்கும் இனி வலிக்காது. கட்டடத்தைக் கட்டினவனின் கடன் எவ்வளவு என்று இன்று கேட்பவருக்கு விமானநிலையத்தோடு கதவு பூட்டுப்படும். இது அரபு நாடுகளின் குணம் மட்டும் என்று நினைக்கவேண்டாம். எல்லா நாடும் நாற்பது வருசம் பழைய எதிர்ப்பைத்தான் அருங்காட்சியகத்தில் வைக்கும். எங்கட இயக்கங்களும் கோயில் நிர்வாகங்களும் சங்கங்களும் அதே மாதிரித்தான்.

அதனால் "இது கலையா, இல்லையா?" என்ற கேள்வியை விட்டுவிட்டு வேறு இரண்டு கேள்வி கேட்கலாம் என்பது என் அபிப்பிராயம். இந்த உடம்பு இதைச் செய்கிற நேரம் யாருடையது? இதைக் காட்சிக்கு வைக்கிறவர் எதைக் காட்சிக்கு வைக்க மறுக்கிறார்? இந்த இரண்டையும் கேட்க ஒரு குசினிக்காரனுக்குப் படிப்புத் தேவையில்லை. பேராசிரியர்களைவிட எங்களுக்கு நன்றாகக் கேட்கத் தெரியும், ஏனென்றால் முதலாவது கேள்வியை நாங்கள் ஒவ்வொரு நாளும் ஷிப்ற் முடியும்போது கேட்கிறோம்.

2004இல் யாழ். பொதுநூலகத்தில் 'அகம் புறம்' என்ற கண்காட்சி நடந்தது, பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். அதில் தா. சனாதனன் யாழ்ப்பாணத்து வீடுகளிலிருந்து சனம் கொண்டுவந்து கொடுத்த சாதாரணப் பொருட்களைச் சேர்த்து வைத்திருந்தார். சண்டையைத் தாண்டி வந்த பொருட்கள். கம்பஸ் பெடியங்களாய் நாங்கள் போனோம். அங்கே ஒருவரும் "இது கலையே?" என்று கேட்டதாய் எனக்கு ஞாபகமில்லை. தங்கட வீட்டுச் சாமான் எங்கே இருக்கிறது என்று தேடினார்கள். கலையைச் சந்திக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஷரீஃபின் அந்தக் கண்காட்சி பிறகு ஐரோப்பாவுக்கும் வந்தது. 2020இல் பெர்லின், பிறகு சுவீடனில் மால்மோ, 2021இல் இங்கே பிரான்சில் சென் எத்தியேன். எங்கட சனம் நிறைய இருக்கிற நாடுகள்தான். அந்த வழியால் போனவர்கள் எத்தனைபேர் உள்ளே எட்டிப் பார்த்திருப்பார்கள்? இனியும் எங்காவது வரும். வந்தால் போய்ப் பாருங்கள், செருப்புக் குவியலுக்கு முன்னால் கொஞ்சம் நில்லுங்கள்.

சார்ஜாவில், டுபாயில் இப்பவும் வேலையில் இருந்து இதை வாசிக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒன்று. ரோலாவிலிருந்து மரைஜா சதுக்கம் நடைதூரம். உள்ளே போகக் காசு இல்லை. சப்பாத்து அழுக்காய் இருக்கே, யூனிபோமோட போகலாமா என்று யோசிக்கவேண்டாம், நான் எண்ணெய் மணத்தோடுதான் போனேன், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறேக் நேரம் மூன்று மணித்தியாலம் இருக்கிறதல்லவா, அதில் அரை மணித்தியாலம் போதும்.